அளவறிந்து உண்ட அல்விசே கொர்னாரோ

இத்தாலியின் வெனிஸ் குடியரசு கடல் வாணிகத்தால் செல்வம் கொழித்திருந்த காலத்தில், 1484ஆம் ஆண்டளவில், அல்விசே கொர்னாரோ பிறந்தார். ஐரோப்பிய நூல்கள் பல இவரை லூயிகி கொர்னாரோ என்றும் குறிக்கும். கொர்னாரோ என்பது வெனிஸின் பழம்பெரும் பிரபுக்குடிகளுள் ஒன்றன் பெயர். சைப்பிரஸ் தீவின் அரசியாக விளங்கிய கத்தரீனா அக்குடியிற் பிறந்தவர். அல்விசேயும் தம்மை அக்குடியின் வழித்தோன்றலாகவே கருதினார். ஆயினும் அதனை ஆவணங்கொண்டு மெய்ப்பிக்க இயலாமையால், பிரபுக்களுக்கு மட்டுமே உரிய ஆட்சிப் பேரவையில் அவருக்கு இடம் கிட்டவில்லை. அந்தக் குறை அவர் மனத்தில் நெடுநாள் இருந்தது. வெனிஸில் கிடைக்காத பெருமையை அவர் பதுவா நகரில் தேடிக்கொண்டார். புனித அந்தோணியாரின் பெயரோடு சேர்த்துத் தமிழ் மக்களும் கேட்டறிந்த அந்தப் பதுவாவில், பாதிரியாராக இருந்த அவருடைய தாய்மாமன் நிலமும் வீடும் விட்டுச் சென்றிருந்தார். அந்நகரின் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் அல்விசே சட்டமும் பயின்றார்.

கையில் பொருள், இளமை, நண்பர் கூட்டம், பதவிப் பொறுப்பு இன்மை ஆகிய இந்நான்கும் ஒருங்கே அமைந்த இளைஞர், அக்கால வழக்கப்படியே விருந்துகளில் திளைத்தார். அக்காலத்து வெனிஸ் விருந்து எளிதில் முடிவதன்று. ஒரு வரிசைப் பண்டங்கள் எடுக்கப்பட்டால் மறு வரிசை வரும். அதன் பின்னும் இனிப்பும் மதுவும் தொடரும். விருந்து ஆடம்பரம் எல்லை மீறியதால், அதனைக் கண்காணிக்கவே தனி அதிகாரிகளை நியமித்துச் சட்டம் இயற்றியது வெனிஸ் அரசு. சட்டம் இருந்தது, விருந்தும் இருந்தது. மிகுதியாக உண்பதும் உண்பிப்பதும் பெருந்தன்மையின் அடையாளமாகவும், குறைவாக உண்பது கருமித்தனமாகவும் எண்ணப்பட்ட சமூகம் அது. இந்த எண்ணம் பதினாறாம் நூற்றாண்டு வெனிஸோடு ஒழிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை.

முப்பத்தைந்து வயதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட காலத்தில் உடல் கணக்குக் கேட்டது. வயிற்றில் ஓயாத வலி, விலாவில் குத்தல், மூட்டுகளைப் பற்றிய கீல்வாதம், ஏறக்குறைய எந்நேரமும் விடாத மெல்லிய காய்ச்சல், தணியாத தாகம். இயல்பிலேயே அவருடையது வலுவற்ற வயிறு. மேலும் அவர் கடுஞ்சினத்தர். மருத்துவர்கள் பலர் வந்தனர். மருந்துகள் பல மாறின. நோய் மட்டும் மாறவில்லை. நோயாளிக்குரிய எளிய உணவை உண்ணுமாறு அவர்கள் முன்னரே கூறியிருந்தனர். அவரோ சுவை தோன்றியபோதெல்லாம் விரும்பியதை உண்டு, அதனை மருத்துவரிடம் மறைத்து வந்தார். பத்தியம் கைக்கொள்வோர் செய்யும் தவறுகளில் மிகப் பழையது இதுவே.

இறுதியில் மருத்துவர்கள் ஒளிக்காமல் உரைத்தனர்: அளவான, ஒழுங்கான உணவே எஞ்சியுள்ள ஒரே மருந்து, இன்னும் சில திங்கள் காலந்தாழ்த்தினால் அதுவும் பயன்படாது, அவர் இறப்பது உறுதி. இளம் வயதில் இறக்க அவருக்கு மனமில்லை. அன்றே துணிந்தார். சில நாட்களில் உடலில் தெளிவு தோன்றியது. ஓராண்டு நிறையும் முன்னர் நோய்கள் அனைத்தும் நீங்கின என்று பிற்காலத்தில் அவர் எழுதிவைத்தார்.

நலம் பெற்ற பலரும் இந்த இடத்தில் பழைய வழிக்குத் திரும்புவர். கொர்னாரோ திரும்பவில்லை. உணவு இவ்வளவு வலிமை உடையதாயின் அதனை முறையாக ஆராய வேண்டும் என்று கருதினார். நாவுக்கு இனியது வயிற்றுக்கும் நல்லது என்னும் ஒரு பழமொழி அக்காலத்தில் வழங்கி வந்தது. உண்பதில் விருப்பமுடைய எல்லா நாட்டவரிடமும் இத்தகைய பழமொழி ஒன்று இருக்கக்கூடும். அதனைத் தம் உடலிலேயே சோதித்தார். குளிர்ந்த கரடுமுரடான மது, முலாம்பழம், பச்சைக் காய்கறிகள், மீன், பன்றியிறைச்சி, மாப்பண்டங்கள் ஆகியன அவர் நாவுக்கு மிகவும் உகந்தவை. ஒவ்வொன்றும் வயிற்றுக்கு ஒவ்வாதது எனக் கண்டு, ஒவ்வொன்றாக விலக்கினார். ஒத்தவற்றையும் வயிறு எளிதில் செரிக்கும் அளவுக்கு மேல் கொள்ளலாகாது என்னும் முடிவுக்கு வந்தார். பசி முற்றும் அடங்குவதற்கு முன்னரே மேசையை விட்டு எழுவது வழக்கமாயிற்று.

பல்லாண்டுப் பழக்கத்தில் அவர் கண்ட அளவு, நாளொன்றுக்குத் திட உணவு 12 அவுன்சு, திரவம் 14 அவுன்சு. அக்கால வெனிஸில் மென்னிறை, வன்னிறை என இருவகை எடைகள் வழங்கியதால், பன்னிரண்டு அவுன்சை இன்றைய கணக்கில் 300 முதல் 480 கிராம் வரை கொள்ளலாம். எவ்வாறு கொண்டாலும் மிகக் குறைந்த அளவே அது. ரொட்டி, முட்டைக்கரு, இறைச்சி, கஞ்சி போன்ற சாறு ஆகியன அவருடைய திட உணவு; திரவம் என்றது திராட்சை மது. கொல்லாமையும் கள்ளுண்ணாமையும் வழிவழியாகக் காத்துவரும் இல்லங்களில் இப்பண்டங்களுக்கு இடமில்லை. அவை அவர் நாட்டு வழக்கம். பண்டங்களை விட்டுவிட்டு, அளவை அவர் எவ்வாறு கண்டார், எவ்வாறு காத்தார் என்பதை மட்டும் நோக்கினாலே அவர் வாழ்க்கை நமக்குப் பயன் தரும்.

சமண நெறி இந்த அளவை நெடுங்காலத்துக்கு முன்னரே தவமாக வகுத்தது. புறத்தவங்கள் ஆறனுள் உண்ணாநோன்புக்கு அடுத்து வைக்கப்பட்டது அவமௌதரியம், அதாவது வயிறு நிறையாமல் உண்ணுதல். ஆடவர்க்கு 32 கவளம் நிறைவுணவு என்று கொண்டு, அதில் ஒன்று குறைப்பினும் அத்தவம் தொடங்கும் என முனிவர் ஒழுக்க நூல்கள் கணக்கிடும். முழு நாள் உண்ணாதிருப்பதை விட, உண்ணத் தொடங்கிப் பாதியில் கையெடுப்பது கடினம் என்பது நோன்பு நோற்பவர் அனைவரும் அறிந்ததே. முனிவர் வினையுதிர்ப்பை நாடிக் கவளம் எண்ணினர். கொர்னாரோ உடல்நலத்தை நாடி அவுன்சு எண்ணினார். நோக்கத்தால் பெரிதும் வேறுபட்ட இரண்டையும் ஒன்றெனக் கூறுவது பொருந்தாது. எனினும் எண்ணி உண்ணுதல் என்னும் செயல் இரண்டிலும் உண்டு.

உணவோடு அவர் ஒழுங்கு நின்றுவிடவில்லை. கடும் வெப்பம், கடும் குளிர், மிகுந்த களைப்பு, கண்விழிப்பு, தூய்மையற்ற காற்று ஆகியவற்றை இயன்றவரை தவிர்த்தார். சினமும் மனக்கவலையும் உடலை அரிப்பன என்று அவற்றையும் அடக்க முயன்றார். உணவில் ஒழுங்குடையவரை இவை பெரிதும் தாக்கா என்பது அவர் துணிபு. அதற்குத் தம் வாழ்விலிருந்தே இரு நிகழ்ச்சிகளை எடுத்துக்காட்டினார். செல்வாக்குள்ள சிலர் அவர்மீது பெரிய வழக்கொன்று தொடுத்தபோது, அவருடைய உடன்பிறந்தவரும் உறவினர் சிலரும், குடும்பம் அழிந்துவிடும் என்னும் கவலையிலேயே நோயுற்று மாண்டனர். அவரோ அசையாதிருந்து வழக்கில் வென்றார். மற்றொன்று, அவருடைய கணக்கின்படி எழுபதாம் வயதில் நேர்ந்தது. விரைந்து சென்ற குதிரைவண்டி கவிழ்ந்தது. குதிரைகள் அவரையும் சேர்த்து நெடுந்தொலைவு இழுத்துச் சென்றன. தலையும் உடலும் காயப்பட்டன. ஒரு காலும் ஒரு கையும் மூட்டு விலகின. மூன்று நாள் தாங்க மாட்டார் என்று மருத்துவர் கருதி, குருதி வடிக்கவும் பேதி கொடுக்கவும் முற்பட்டனர். அவர் இரண்டையும் மறுத்தார். மூட்டுகளைப் பொருத்தி, எண்ணெய் தடவச் செய்து, வேறு மருந்தின்றி எழுந்தார். குருதி வடிப்பதே தலைசிறந்த சிகிச்சையாகக் கருதப்பட்ட காலத்தில், அவர் பிழைத்ததில் அம்மறுப்புக்கும் பங்கு உண்டு என்று கொள்வதில் தவறில்லை.

அவர் வரலாற்றில் மிகவும் எண்ணத்தக்கது இரண்டு அவுன்சுக் கதை. தம் கணக்கில் எழுபத்தெட்டாம் வயதை அவர் எட்டியபோது குடும்பத்தாரும் நண்பர்களும் மருத்துவர்களும் ஒன்றுகூடினர். முதுமையில் உடல் தளரும். தளரும் உடலுக்கு மிகுதியான ஊட்டம் வேண்டும். இவ்வளவு சிற்றுணவு போதாது என்று வற்புறுத்தினர். முதுமையில் செரிக்கும் ஆற்றல் குறைவதால் உணவும் குறையவேண்டுமே தவிர ஏறக்கூடாது என்று அவர் வாதிட்டார். அவர்கள் விடவில்லை. அன்புடையார் உணவை முன்வைத்து வற்புறுத்தும்போது மறுப்பது எத்துணைக் கடினம் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. பிடிவாதக்காரர் என்னும் பெயர் வேண்டாம் என்று கருதி அவர் இணங்கினார். பன்னிரண்டு பதினான்காயிற்று, பதினான்கு பதினாறாயிற்று. கூடியது இரண்டிரண்டு அவுன்சே.

சில நாட்களுக்குள் மகிழ்ச்சி அகன்று, எதிலும் வெறுப்பும் எரிச்சலும் தோன்றின. பன்னிரண்டாம் நாள் விலாவில் கடும் வலி எழுந்து இருபத்திரண்டு மணி நேரம் நீடித்தது. அதன்பின் வந்த காய்ச்சல் முப்பத்தைந்து நாள் இரவும் பகலும் விடவில்லை. பிழைப்பார் என்று எவரும் நம்பவில்லை. பழைய அளவுக்குத் திரும்பிய பின்னரே எழுந்தார். வேண்டியவர்கள் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு அவுன்சு கூடியதாலேயே அந்நோய் வந்தது என்பதை இக்கால மருத்துவம் அப்படியே ஏற்காது. வேறு தொற்று ஒன்று அந்நேரம் வந்திருக்கவும் கூடும். எனினும் பல்லாண்டு தாம் காத்த அளவைத் தம் மனமொப்பாமல், பிறர் மனம் கோணக்கூடாது என்பதற்காகக் கைவிட்டார் என்பது எவருடைய சாப்பாட்டு மேசையிலும் நிகழக்கூடியது.

மீட்ட உயிரை அவர் வீணாக்கவில்லை. பதுவாவைச் சூழ்ந்த தாழ்நிலங்கள் சதுப்பாகக் கிடந்தன; அங்கு காற்றே நோய் தந்தது. கோதெவீகோ என்னும் ஊரைச் சுற்றி வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, சதுப்பை விளைநிலமாக்கினார். மக்கள் குடியேறினர், கோயிலும் எழுந்தது. உழவைப் புனிதத் தொழிலாகப் போற்றினார். அதனால் பெரும்பொருளும் ஈட்டினார். வெனிஸ் காயலைக் காப்பது எவ்வாறு என்பது பற்றி அரசின் நீரியல் வல்லுநரோடு பல்லாண்டு வாதிட்டார். கட்டடக் கலை பற்றியும் நூல் எழுதினார். பதுவாவில் தம் இல்லத்து முற்றத்தில் ஃபால்கொனெத்தோ என்னும் சிற்பியைக் கொண்டு தூண் மண்டபம் ஒன்று கட்டுவித்தார். அதில் 1524 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. அவர் நோயினின்று மீண்டதும் ஏறக்குறைய அக்காலத்திலேயே. அருகில் இசைக்கென ஓர் எண்கோண அறையுடன் கூடிய மாளிகையும் எழுந்தது.

அந்த மண்டபம் நாடக மேடையாகவும் அமைந்தது. ருத்சாந்தே என்னும் பெயரால் அறியப்பட்ட ஆஞ்செலோ பெயோல்கோ அவருடைய ஆதரவில் வாழ்ந்த நாடகாசிரியர். பதுவாச் சிற்றூர் உழவரின் பேச்சு மொழியிலேயே நாடகம் எழுதியவர். 1528, 1529 ஆண்டுகளில் அந்நாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அப்போது ருத்சாந்தே எழுதிய நாடகத்தில் ஓர் உழவன், பசி தாளாமல், தன்னைத் தானே தின்றாலாவது வயிறு நிறைந்து சாகலாமே என்று எண்ணுகிறான். அவையோர் நகைத்திருப்பர். சிரிக்க வைத்தே சுட்டவர் அவர். அளவாக உண்ணும் செல்வரின் நிழலில் உண்ண ஏதுமற்றவரின் நாடகம் எழுந்தது என்பது கொர்னாரோ வரலாற்றை எழுதுவோர் பலர் விரைந்து கடந்துவிடும் செய்தி. உணவைக் குறைப்பது ஓர் அறமாவது, குறைப்பதற்கு முன் உணவு இருக்கும் வீட்டில்தான். கொர்னாரோவுக்கும் இது முற்றிலும் தெரியாததன்று. அவர் வடித்த சதுப்பில் விளைந்த தானியம் பசித்தவர்க்கும் உணவாயிற்று.

மனைவி வெரோனிகாவோடு நெடிய இல்லறம் நடத்தினார். ஒரே மகள் கியாரா வழியாகப் பதினொரு பேரப்பிள்ளைகள் பிறந்தனர். முதுமையில் நாள்தோறும் எட்டு மணி நேரம் தம் கையாலேயே எழுதி, எஞ்சிய பொழுதில் உலவியும் பாடியும் கழித்தார். வயது ஏற ஏறக் குரல் தெளிவடைந்தது என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. முதுமையிலேயே ஒரு நகைச்சுவை நாடகமும் எழுதினார்.

அளவான வாழ்க்கை பற்றிய அவருடைய முதல் உரை 1558இல் பதுவாவில் அச்சேறியது. அதன்பின் சில ஆண்டுகளுள் மேலும் மூன்று எழுதினார். அவற்றுள் ஒன்று தானியேலே பார்பரோ என்னும் அறிஞருக்கு எழுதிய மடல். நான்கும் சிறியனவே. இத்தாலியில் கொள்ளைநோயும் வாளும் கொல்வதினும் மிகுதியாகப் பெருந்தீனி கொல்கிறது என்பது அவற்றின் அடிநாதம். 1613இல் லெசியுஸ் என்னும் இயேசு சபைத் துறவி முதல் உரையை இலத்தீனில் பெயர்த்துத் தம் நூலோடு வெளியிட்டார். ஆங்கிலக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் அதனை ஆங்கிலமாக்கினார். 1711இல் ஜோசப் அடிசன் தம் இதழில் பாராட்டி எழுதினார். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நூல் அச்சில் இருந்து வருகிறது.

புகழ் வளர்ந்தபோது அவர் வயதும் வளர்ந்தது. நூல்களில் தமக்கு எண்பத்துமூன்று, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றைந்து என்றெல்லாம் அவர் எழுதினார். பின்வந்தோர் நூறையும் கடத்தினர். ஆவணங்களை ஆராய்ந்த அறிஞர் அவர் பிறந்தது 1484ஐ ஒட்டியே எனக் கண்டனர். ஆகவே 1566இல் இறந்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய எண்பத்திரண்டு. பிரபுக் குடிப்பெருமையை நாடியவர் முதுமைப் பெருமையையும் சிறிது நாடினார் போலும். உணவில் அளவு கண்டவர் வயதைச் சொல்வதில் அளவு காணவில்லை. ஆனால் நாற்பது வயதுக்குள் இறப்பார் என்று மருத்துவர் கைவிட்ட ஒருவர், கொள்ளைநோய் ஓயாத நூற்றாண்டில் எண்பதைக் கடந்து எழுதியும் பாடியும் வாழ்ந்தார் என்பதே போதியது. கூட்டிச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஜெர்மானிய மெய்யியலார் நீட்சே 1889இல் வெளிவந்த தம் நூலில் கொர்னாரோவைக் கடுமையாகத் தாக்கினார். குறைவாக உண்டதால் அவர் நீண்டு வாழவில்லை. அவர் உடல் மெல்லச் செரிக்கும் இயல்பினதாகையால் குறைவாக உண்ண நேர்ந்தது. காரியத்தைக் காரணமாக மாற்றிச் சொல்லி, பலருடைய ஆயுளைக் குறைத்துவிட்டார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. இதில் உண்மை ஒரு பகுதி உண்டு. அனைவரும் பன்னிரண்டு அவுன்சு உண்பது அறியாமை. உழைப்பவர், வளரும் பிள்ளைகள், கருவுற்ற தாய்மார், சர்க்கரை நோய்க்கு மருந்து உண்போர் அதனைப் பின்பற்றினால் தீங்கு நேரும். ஆனால் தம் அளவு பிறர்க்கும் உரியது என்று கொர்னாரோ கூறவில்லை. தம் வயிறு வலுவற்றது, அதனால் தமக்கு இது. வலுவுடையோர் மிகுதியாகவும் வேறு பண்டங்களையும் உண்ணலாம். தத்தம் அளவைத் தாமே சோதித்துக் காண்க என்றே எழுதினார். மேலும் மெல்லச் செரிக்கும் அந்த உடல், மிகுதியாக உண்ட நாளில் நோயுற்றதையும் குறைத்த நாளில் தேறியதையும் நீட்சே கணக்கில் கொள்ளவில்லை.

அவரைப் பற்றிய மூட்டு நோயின் காரணம் இன்று தெளிவாகியுள்ளது. இறைச்சியும் மதுவும் மிகுந்த உணவால் குருதியில் யூரிக் அமிலம் பெருகி, மூட்டுகளில் ஊசி போன்ற படிகங்களாகப் படிகிறது. சைவ உணவினர் இதனைக் கேட்டு மகிழ்ந்துவிடலாகாது. உடல் எடை கூடுவதும் இனிப்புப் பானங்களும் அந்த அமிலத்தைக் கூட்டும். தேவைக்கு மிஞ்சிய சோறும் நெய்யும் சர்க்கரையும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகி, ஈரலிலும் சேர்ந்து, இன்சுலின் செயலைக் குன்றச் செய்கின்றன. நீரிழிவும் குருதியழுத்தமும் அவ்வழியே வருகின்றன.

குறைத்து உண்பதால் ஆயுள் நீளுமா என்னும் கேள்வியை 1935இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மக்கே என்பவர் எலிகளைக் கொண்டு ஆராய்ந்தார். உணவு குறைந்த எலிகள் நீண்டு வாழ்ந்தன. குரங்குகளைக் கொண்டு நடந்த இரு நெடிய ஆய்வுகளுள் 2009இல் வெளியானது நன்மை காட்டியது. 2012இல் வெளியான மற்றொன்றில் ஆயுள் நீளவில்லை. உயிர்களைக் கூண்டில் அடைத்துப் பெற்ற அறிவு என்பதை அறநெறியினர் மறக்க இயலாது. பின்னர் அமெரிக்காவில் மனிதர்களே விரும்பி முன்வந்தனர். பருமன் அற்ற இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இரண்டாண்டுகள் கால்பங்கு உணவைக் குறைக்க முயன்று, எட்டில் ஒரு பங்களவே குறைக்க முடிந்தது. அதற்கே குருதியழுத்தமும் கொழுப்பும் சீரடைந்தன. நாற்பதாண்டுகளுக்கு மேல் தம் அளவைக் காத்தவரின் உறுதி எத்தகையது என்பது அந்தக் கணக்கால் விளங்கும்.

1566 மே மாதத்தில் பதுவாவில் அவர் காலமானார். முதுமையில் ஓவியர் தின்தொரெத்தோ தீட்டிய அவர் உருவம் ஃபுளோரன்ஸ் நகரின் பித்தி மாளிகையில் உள்ளது; நாற்காலியில் அமர்ந்த, வெண்தாடியுடைய, மெலிந்த முதியவர். ஃபால்கொனெத்தோ கட்டிய தூண் மண்டபமும் இசை மாளிகையும் பதுவாவில் அவர் பெயராலேயே இன்றும் நிற்கின்றன.